நிராகரிப்புக்கும் ஒரு காரணம் வேண்டும்

ராஜபாளையத்தில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த என் தங்கை மகள், சென்ற ஆண்டு பொதிகை விரைவு ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னைக்கு வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு மருத்துவச் சேவை நிறுவனத்தில் நேர்காணல். காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் 8 மணிக்கே போய்விட்டாள். அதற்குள் வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தனர். பெரும்பாலும் அவளைப் போன்றவர்கள்: கையில் நெகிழிக் கோப்பு, தோளில் பை, ஊரிலிருந்து நேராக வந்த களைப்பு.

வாசற்காவலர் ஒவ்வொருவரின் கைப்பேசியையும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆதார் நகலையும் தன்விவரக் குறிப்பையும் வாங்கி மேசைமீது அடுக்கினார். பிறகு எழுத்துத் தேர்வு, மனிதவளப் பிரிவினருடன் உரையாடல், தொழில்நுட்பச் சுற்று, மேலாளரைச் சந்திக்கும் சுற்று. இடையில் காத்திருப்பு. மாலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்தபோது அவளுக்குக் கிடைத்த பதில் ஒரே ஒரு வாக்கியம்: 'சொல்லி அனுப்புகிறோம்'. நாற்பது நாள் கழித்தும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினாள்; பதில் இல்லை. 'தேறலைன்னா தேறலைன்னு சொல்லிட்டாப் போதும் மாமா, நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்ல' என்றாள். அவள் வருத்தம் வேலை கிடைக்காததைப் பற்றியது மட்டுமன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்படிப்பட்ட நேர்காணல்கள் சென்னையில் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் நடக்கின்றன. அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி, போரூர் எனப் பல இடங்களில் இயங்கும் இந்நிறுவனங்கள் எதுவும் மருத்துவமனை அல்ல. அங்கே நோயாளிகள் வருவதில்லை. மருந்து வாசனையும் இல்லை. ஆயினும் அமெரிக்க மருத்துவத் துறையின் கணக்குப்பிள்ளை வேலையில் கணிசமான பகுதி இந்தக் கட்டடங்களில்தான் நடக்கிறது. உயிரியல், உயிரித் தொழில்நுட்பம், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம் படித்த நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை இங்கேதான் அமைகிறது. எனவே இந்த நேர்காணலில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரைப் பார்த்தால், மருத்துவர் எழுதிய குறிப்பு முழுவதும் குறியீடுகளாக மாற்றப்பட வேண்டும். நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு. சிக்கல் ஏதுமற்ற இரண்டாம் வகை நீரிழிவு என்றால் 'இ 11.9', உயர் ரத்த அழுத்தம் என்றால் 'ஐ 10'. இந்தக் குறியீடுகளைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா 'ஐசிடி-10' முறைக்கு மாறியபோது, நோய்க் குறியீடுகளின் எண்ணிக்கை சுமார் 14 ஆயிரத்திலிருந்து சுமார் 70 ஆயிரமாக உயர்ந்தது. மருத்துவர் எழுதியதைப் படித்துச் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுப்பவர் 'மெடிக்கல் கோடர்'. பணம் வராமல் நின்றுபோன கணக்குகளுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தை இரவில் தொலைபேசியில் அழைத்து 'ஏன் தரவில்லை' என்று கேட்பவர் 'ஏ.ஆர். காலர்'. அமெரிக்கப் பகல் நமக்கு இரவு என்பதால், மாலையில் தொடங்கிப் பின்னிரவுவரை நீளும் வேலை அது.

இவ்விரு வேலைகளுக்கும் நேர்காணல் வெவ்வேறு விதமானது. குறியீட்டாளர் வேலைக்கு உடற்கூறியலும் மருத்துவச் சொற்களும் கேட்கப்படும். 'எக்டமி' என்று முடிந்தால் உறுப்பை அகற்றுதல், 'ஆட்டமி' என்றால் வெட்டித் திறத்தல், 'ஆஸ்டமி' என்றால் வெளியே ஒரு திறப்பை அமைத்தல். இந்த மூன்றுக்கும் வேறுபாடு கேட்காத நேர்காணல் அரிது. அனுபவம் உள்ளவரிடம், ஒரே நாளில் சிகிச்சையும் தனியான ஆலோசனையும் நடந்திருந்தால் எந்தத் துணைக்குறியீட்டைச் சேர்ப்பாய், அறுவைச் சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள்வரை வரும் தொடர் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றெல்லாம் கேட்பார்கள். இவை நியாயமான கேள்விகள். விடை சரி அல்லது தவறு. கேட்பவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு.

ஏ.ஆர். காலர் வேலைக்கு நிலைமை வேறு. அங்கே ஆங்கிலப் பேச்சே அளவுகோல். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதில் தொடங்கி, 'உங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்' என்பதுவரை போகும். தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தைத் தேர்வுக்காக மட்டும் எழுதிய மாணவர் இந்த இடத்தில் திணறுகிறார். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால், 'உச்சரிப்பில் ஊர் வாடை இருக்கிறது' என்று முகத்துக்கு நேரே சிரித்துச் சொல்லும் நேர்காணலாளர்களைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்த அளவுகோலிலும் மதிப்பெண் கிடையாது.

இந்தத் துறையின் நேர்காணல் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் வேறொன்று. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒரு கணக்கை நிராகரித்தால், வெறுமனே 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஒரு காரணக் குறியீடு தர வேண்டும். தகவல் குறைவு அல்லது பிழை இருந்தால் எண் 16. ஏற்கெனவே அனுப்பிய கணக்கையே மீண்டும் அனுப்பியிருந்தால் எண் 18. காலக்கெடு கடந்துவிட்டால் எண் 29. மருத்துவத் தேவை இல்லை என்று கருதினால் எண் 50. காரணம் தெரிந்தால்தான் பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்ப முடியும். நோயாளிக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. 2010-ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, மறுப்பு வந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமே முறையிட அவருக்கு 180 நாள் அவகாசம் இருக்கிறது. அதிலும் தோற்றால் வெளியார் ஒருவரின் மறுஆய்வைக் கோரலாம்.

சென்னையில் உள்ள நிறுவனங்கள் பிழைப்பதே இந்த ஏற்பாட்டை நம்பித்தான். நிராகரிப்புக்குக் காரணம் கேட்பது, காரணத்தைப் புரிந்துகொள்வது, திருத்தி மீண்டும் அனுப்புவது: இதுதான் அவர்கள் விற்கும் சேவை. பல்லாயிரம் இளைஞர்களை இரவெல்லாம் விழிக்க வைத்து இதையே செய்விக்கிறார்கள். அதே நிறுவனம், தன் வாசலுக்கு வந்து ஒரு நாள் முழுவதும் காத்திருந்த மனிதரை நிராகரிக்கும்போது மட்டும் காரணமும் சொல்வதில்லை, நிராகரித்துவிட்டோம் என்பதையும் சொல்வதில்லை. நாற்பது டாலர் கணக்குக்குக் கிடைக்கும் மரியாதை, நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவருக்குக் கிடைப்பதில்லை.

மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர் விண்ணப்பதாரர். ரயில் கட்டணம், தங்கும் செலவு, ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவரானால் ஒரு நாள் சம்பளம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். 'ஒருவேளை அழைப்பார்கள்' என்று இருபது நாள் வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது தெரியாத செலவு. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. எங்கே தவறினோம் என்று தெரியாத இளைஞர், தவறாத இடத்தைத் திருத்தப் புறப்படுகிறார். உடற்கூறியல் வினாக்களில் தவறியவர் ஆங்கிலப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார். பேச்சில் தவறியவர் குறியீட்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டுகிறார். அமெரிக்க அமைப்பு ஒன்று நடத்தும் 'சிபிசி' சான்றிதழ்த் தேர்வில் 4 மணி நேரத்தில் 100 வினாக்கள். 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் டாலரில். நம் நாட்டில் தொடக்கநிலைச் சம்பளம் வாங்கப்போகும் ஒருவருக்கு அது மாதக்கணக்கான சேமிப்பு. நிறுவனங்களின் மௌனத்தில் செழிப்பவை பயிற்சி மையங்கள்தான். 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற பலகைகளுக்குப் பின்னால் இருப்பது, ஏன் தேறவில்லை என்று யாரும் சொல்லாத ஒரு பெருங்கூட்டம்.

நேர்காணல் முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் கேட்டாக வேண்டும். இதற்கு மருத்துவத் துறையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1979-இல் ஹூஸ்டன் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, சுமார் 800 பேரை நேர்காணல் செய்து தரவரிசைப்படுத்தி, 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. சேர்க்கை முடிந்த பிறகு, மேலும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டப்பேரவை கட்டளையிட்டது. தரவரிசையில் மேலே இருந்தவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டனர். எனவே 700-க்கும் 800-க்கும் இடையில் இருந்தவர்களிலிருந்து 50 பேரைச் சேர்க்க நேர்ந்தது. பின்னர் இரு தரப்பினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேர்வு மதிப்பெண்ணிலும், நோயாளிகளைக் கையாள்வதிலும், பாதியில் விலகியவர் விகிதத்திலும், பெற்ற சிறப்புகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் தெரியவில்லை. 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரை, நேர்காணல் மேசையில் அமர்பவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. கடைசியில் வைக்கப்பட்டவர்களுக்கும் முதலில் வைக்கப்பட்டவர்களுக்கும் இருந்த வேறுபாடு, பார்த்தவர்களின் மனத்தில்தான் இருந்தது.

இதனால் நேர்காணலே வீண் என்று ஆகிவிடாது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் இடும் நேர்காணல் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இத்தகைய கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை 0.42 என்று கணித்தது. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்குக் கிடைத்தது 0.19. முழுப் பொருத்தத்துக்கு 1, பொருத்தமே இல்லையென்றால் 0 என்று கொண்டால், நல்ல முறையும்கூடப் பாதி வழியை எட்டவில்லை. அளவுகோல் எழுதி வைத்திருந்தால் காரணம் சொல்வது எளிது. காரணம் சொல்ல முடியாத இடங்களில், அளவுகோலே இல்லை என்று நாம் ஐயப்படுவதில் தவறில்லை.

அரசுத் துறை இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கடைநிலை, இடைநிலைப் பணிகள் பெரும்பாலானவற்றுக்கு நேர்காணல் நீக்கப்பட்டது. நேர்காணல் சிபாரிசுக்கும் ஊழலுக்கும் வாசலாகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். தமிழ்நாட்டில் 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், செவிலியர் போன்ற பணிகளுக்கு எழுத்துத் தேர்வு நடத்துகிறது. அரசுத் தேர்வுகளில் தாமதமும் வழக்குகளும் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆயினும் தோற்றவருக்குத் தன் மதிப்பெண் தெரியும். தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியார் நிறுவன நேர்காணலில் தோற்றவருக்கு இரண்டும் இல்லை.

இனி, கேட்கக் கூடாத கேள்விகள். பெண் விண்ணப்பதாரரிடம் 'திருமணம் எப்போது', 'குழந்தைக்குத் திட்டம் உண்டா', 'இரவு வேலைக்கு வீட்டில் சம்மதிப்பார்களா' என்று கேட்பது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. மூன்றாவது கேள்வியை வேறு விதமாக, 'இரவுப் பணி உண்டு, உங்களுக்கு உடன்பாடா' என்று ஆண், பெண் இருவரிடமும் கேட்கலாம். முதல் இரண்டுக்கும் வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடர்பான நீரா மாத்தூர் வழக்கில் 1991-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத் தக்கது. பணியில் சேரும் பெண்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அவற்றுக்குத் தவறான தகவல் தந்ததாகக் கூறி ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்தும் அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்ன நீதிமன்றம், அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது.

படிவத்திலிருந்து நீங்கிய கேள்வி, பிறகு வாய்மொழியில் வாழ்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்களைப் பணிக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும், ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய அறையில் இருவருக்கிடையே கேட்கப்பட்ட கேள்வியை யார் நிரூபிப்பது? வேலை மறுக்கப்பட்டதற்கான காரணம் எழுத்தில் இருந்தால்தான் பாகுபாடு நடந்ததா என்றே பேசத் தொடங்க முடியும். மௌனம் இங்கே நிறுவனத்துக்கு ஒரு கவசமாகவும் பயன்படுகிறது.

சம்பளப் பேச்சிலும் இதே ஒருதலைநிலை. 'இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்பார்கள். தாங்கள் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மருத்துவமனைகளில் செவிலியர் நேர்காணலில் இது இன்னும் கடுமையாக நடக்கிறது. உச்சநீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் செவிலியர் ஊதியம் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடத்திலும் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. இப்படி ஒரு பரிந்துரை இருப்பதே, நேர்காணலுக்குப் போகும் பெரும்பாலான செவிலியருக்குத் தெரியாது. தெரிந்து கேட்டால் 'நீங்கள் போகலாம்' என்பார்கள் என்ற அச்சம் வேறு.

வேலை உறுதியான பிறகு மேசைமீது வருவது ஒப்பந்தப் பத்திரம். இரண்டாண்டு, மூன்றாண்டு இருக்க வேண்டும். இடையில் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும். பொதுத்துறை வங்கி ஒன்றின் மேலாளர் நிலைப் பணிக்கு விதித்திருந்த மூன்றாண்டு, 2 லட்சம் ரூபாய் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் புதிய பட்டதாரிகளை மிரட்டுவது சரியன்று. நாடு முழுவதும் விளம்பரம் செய்து, பெரும் செலவில் ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கி என்ற பின்னணியில் சொல்லப்பட்டது அது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவோ, எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. ஒரு மாதப் பயிற்சிக்கு ஒரு லட்சம் என்று எழுதினால் அது நியாயமாகிவிடாது.

மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது இதைவிட மோசமான பழக்கம். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அன்று, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனங்களுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியுமா? சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும்; தராத இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. வேலைக்கு முன்பணம், 'திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை' என்று கேட்கும் இடம் எதுவாயினும், அது நிறுவனமே அன்று, மோசடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாசல் மேசைக்கு மீண்டும் வருவோம். அமெரிக்க நோயாளியின் விவரம் வெளியே கசியக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எனவே பணித்தளத்தில் கைப்பேசிக்குத் தடை. பல இடங்களில் தாளும் பேனாவும்கூட உள்ளே போகக் கூடாது. பாராட்ட வேண்டிய ஒழுங்கு. அதே கட்டடத்தின் வாசலில் நூறு பேரின் ஆதார் நகலும் வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் காற்றில் படபடக்க அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த வாரமே அவர்களில் பலருக்குப் பயிற்சி மையங்களிலிருந்து அழைப்பு வருகிறது. எப்படிப் போயிற்று எண்? 2023-இல் நிறைவேறிய நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தேர்ந்தெடுக்கப்படாதவரின் விவரத்தை எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பதற்கு நிறுவனங்கள் விடை சொல்ல வேண்டிய காலம் நெருங்குகிறது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே நாளில் முந்நூறு பேர் வந்தால் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத ஆள் ஏது என்கிறார்கள் மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்கள். போலி அனுபவச் சான்றிதழோடு வருபவர்கள் உண்டு. தொலைபேசி நேர்காணலில் ஒருவர் பேசி, சேரும்போது வேறொருவர் வந்த கதையும் உண்டு. பணி ஆணையை வாங்கி, அதைக் காட்டி மற்றோரிடத்தில் கூடுதல் சம்பளம் பேசி, சேரும் நாளில் கைப்பேசியை அணைத்துவிடுபவர்கள் ஏராளம். காரணம் சொன்னால் அதை வைத்து வாக்குவாதத்துக்கு வருகிறார்கள் என்றும் குறைப்பட்டார் ஒருவர். இவை உண்மை. மௌனம் இரு தரப்பிலும் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருப்பவரின் மௌனமும், வேலை தேடி அலையும் இருபத்திரண்டு வயதுக்காரரின் மௌனமும் ஒரே எடை உடையவை ஆகா.

ஆள் இல்லை என்ற வாதமும் முழுமையாக நிற்காது. வரச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பும் கணினி, முடிவைச் சொல்லியும் அனுப்பும். எழுத்துத் தேர்வா, பேச்சா, தொழில்நுட்பமா, காலியிடம் நிரம்பிவிட்டதா என்று நான்கைந்து காரணக் குறியீடுகள் போதும். காரணக் குறியீடு அமைப்பதில் இந்த நிறுவனங்களைவிடத் தேர்ந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

வேறு நாடுகளில் இது சட்டமாகவே வந்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேருக்குக் குறையாத பணியாளர் உள்ள நிறுவனம், பொது விளம்பரத்தின் வழியே வந்த ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை, விண்ணப்பதாரருக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை கெடு தரப்பட்டது. நம் சட்டங்கள் எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகே தொடங்குகின்றன. சேர்வதற்கு முன் வாசலில் நிற்பவரைத் தொழிலாளர் என்றே அவை பெரிதும் கணக்கில் கொள்வதில்லை. தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. அவற்றில் பங்கேற்கும் நிறுவனங்கள் சம்பள வரம்பை அறிவிக்க வேண்டும், நேர்காணல் முடிவை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. முகாமுக்கு அழைக்கும் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

என் தங்கை மகளுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே தொழில்நுட்பச் சுற்று முடிந்ததும், நேர்காணல் செய்தவரே எந்த மூன்று வினாக்களில் தவறினாள் என்று சொல்லி, பத்து நாள் கழித்து மீண்டும் வரச் சொன்னாராம். அவள் அந்த மூன்றையும் படித்துக்கொண்டு போனாள். இப்போது இரவு நேரத்தில், நிராகரிக்கப்பட்ட கணக்குகளின் பிரிவில் இருக்கிறாள். அவள் பணியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆனபோது, அம்பத்தூர் நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்று அவள் நேர்காணலுக்குப் போயிருந்த அதே பணிக்கு, தகுதியுள்ளவர்கள் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு நேரில் வரலாம் என்றிருந்தது.